சதுக்கத்தைப் பார்த்தது போதும், படைமுகாமைப் பாருங்கள்: மக்கள் எழுச்சிச் செய்தியைப் பின்தொடர ஒரு கையேடு

2011 பிப்ரவரி 11, வெள்ளிக்கிழமை. நம்ம ஊர் நேரப்படி இரவு ஒன்பதரை இருக்கும். சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். எகிப்தின் துணை அதிபர் ஒமர் சுலைமான் திரையில் வந்தார். அதிபர் முபாரக் விலகிவிட்டார், நாட்டு நிர்வாகத்தை ராணுவ உயர் கவுன்சிலிடம் ஒப்படைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், மொத்தமே ஒரு நிமிடம் இருக்காது. போராட்டக்காரர்கள் கூடியிருந்த கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கம் அதிர்ந்தது. நானும் கைதட்டினேன். அவர் சொன்னதில் முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. நாட்டை யார் கையில் கொடுத்தார்கள் என்கிற இரண்டாம் பாதி விழவே இல்லை. இரண்டரை வருடம் கழித்து, ராணுவமே ஆட்சியைப் பிடித்த பிறகு பார்த்தால் எகிப்தின் கதையே அந்த இரண்டாம் பாதிதான் என்று ஆகியிருந்தது.

அந்த ஏமாற்றத்துக்கு அப்புறம்தான் இந்த மாதிரிச் செய்திகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தேன். 2010 கடைசியில் துனிசியாவில் தொடங்கி எகிப்து, லிபியா, யேமன், பஹ்ரைன், சிரியா என்று ஒரு வட்டாரம் முழுக்கப் பரவிய எழுச்சிகளை வைத்துத்தான் சொல்லப் போகிறேன். அடுத்து எங்கே நடந்தாலும் இந்த முறையைப் போட்டுப் பார்க்கலாம். யார் ஜெயிப்பார்கள் என்று ஜோசியம் சொல்ல இது உதவாது. எதைப் பார்க்காமல் விட்டால் ஏமாறுவோம் என்பதைச் சொல்லும், அவ்வளவுதான்.

முதல் வாரக் கதையை அப்படியே நம்பாதீர்கள்

2010 டிசம்பர் 17, துனிசியாவில் சீதி பூஸித் என்கிற சிற்றூர். முகமது பூஅஸீஸி, வயது 26, தள்ளுவண்டியில் பழம் விற்றவர். நகராட்சிக்காரர்கள் அவருடைய சரக்கையும் தராசையும் பிடுங்கிக்கொண்டார்கள். முறையிடப் போனார், யாரும் காது கொடுக்கவில்லை. ஆளுநர் அலுவலக வாசலில் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். ஜனவரி 4 அன்று இறந்தார். இவ்வளவும் உறுதியான சேதி. இதோடு சேர்ந்து இரண்டு விஷயங்கள் உலகம் முழுக்கப் பறந்தன. ஒன்று, அவர் வேலை கிடைக்காத பட்டதாரி. இரண்டு, ஒரு பெண் அதிகாரி அவரைக் கன்னத்தில் அறைந்தார். அவர் பட்டதாரி இல்லை, பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. அறைந்ததாகச் சொல்லப்பட்டவர் அதை மறுத்தார், அவர்மேல் போட்ட வழக்கும் நிற்கவில்லை. இதனால் அந்த மனிதருக்கு நடந்த அநியாயம் ஒரு குன்றிமணிகூடக் குறையாது. ஆனால் கூட்டம் சேர்க்கிற கதை ஒன்று, நடந்தது ஒன்று என்று இரண்டு எப்போதும் இருக்கும். இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரிலும் இதே கதைதான். 'மல்லிகைப் புரட்சி' என்று நம் பத்திரிகைகளும் ஆசையாக எழுதின. துனிசியாவில் பலருக்கு அந்தப் பெயரே பிடிக்காது, ஏனென்றால் இந்த எழுச்சி விரட்டிய அதிபர் பென் அலி 1987இல் முந்தைய அதிபரை ஓரங்கட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாரே, அதற்கும் அதே மல்லிகைப் பெயரைத்தான் வைத்தார்கள். அவர்கள் தங்கள் எழுச்சியைச் சொல்வது 'கராமா' புரட்சி என்று. கராமா என்றால் மானம், கௌரவம். தராசைப் பறிகொடுத்த மனிதனின் கதைக்குப் பூவைவிட அந்தச் சொல்தான் பொருத்தம்.

விறகு எத்தனை நாளாகக் காய்ந்தது என்று தேடுங்கள்

எந்த எழுச்சியும் அந்த ஒரு நாளில் தொடங்கியது இல்லை. செய்தி வந்த அன்றைக்கே, அதே ஊரில் அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் என்னென்ன வேலைநிறுத்தம் நடந்தது என்று தேடிப் பாருங்கள். துனிசியாவில் 2008இலேயே கஃப்ஸா பகுதி பாஸ்பேட் சுரங்க ஊர்களில் மாதக்கணக்கில் போராட்டம் நடந்து அடக்கப்பட்டது. எகிப்தில் மஹல்லா நூற்பாலைத் தொழிலாளர்கள் 2006 டிசம்பரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2008 ஏப்ரல் 6 அன்று ஆலைக்குள் பாதுகாப்புப் படை புகுந்து வேலைநிறுத்தத்தைத் தடுக்க, ஊரே கொதித்தது. பிறகு தஹ்ரீரில் முன்னால் நின்ற இளைஞர் அமைப்பு ஒன்று அந்தத் தேதியைத்தான் தன் பெயராக வைத்துக்கொண்டது. லிபியாவில் 1996இல் அபூ சலீம் சிறையில் கொல்லப்பட்ட கைதிகளின் குடும்பத்தினர் பெங்காசியில் பல வருடமாகக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2011 பிப்ரவரியில் அந்தக் குடும்பங்களின் வக்கீலைக் கைது செய்ததும் தெரு நிறைந்தது.

இங்கே ரொட்டி விலையையும் சேர்த்துச் சொல்வார்கள். 2010 ஆகஸ்டில் ரஷ்யா வறட்சியால் கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. உலகில் கோதுமையை அதிகமாக இறக்குமதி செய்யும் நாடுகளில் எகிப்து முன்வரிசை. தஹ்ரீர் முழக்கத்திலும் ரொட்டி, சுதந்திரம், சமூக நீதி என்று ரொட்டிதான் முதலில் வரும். எகிப்து அரபியில் ரொட்டிக்கு 'ஐஷ்' என்று பெயர், வாழ்வு என்றும் அதற்குப் பொருள். எல்லாம் சரி, ஆனால் அங்கே ரேஷன் ரொட்டி 1980களின் கடைசியிலிருந்து 2024 வரை ஒரே விலையில்தான் இருந்தது, 5 பியாஸ்தர் (நூறு பியாஸ்தர் ஒரு எகிப்து பவுண்டு). 1977இல் மானியத்தில் கை வைத்த அன்றைய அதிபர் சாதாத் இரண்டே நாளில் பின்வாங்கினார் இல்லையா, அந்தப் பயம் அடுத்து வந்தவர்களையும் விடவில்லை. அதனால் விலைவாசி வரைபடத்தைக் காட்டி 'இதனால்தான் புரட்சி' என்று யாராவது ஒரே வரியில் முடித்தால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

ஃபேஸ்புக் புரட்சி என்றால் ஜனவரி 28ஐக் காட்டுங்கள்

ஃபேஸ்புக் பக்கங்கள் பெரிய வேலை செய்தன, இல்லை என்று சொல்லவில்லை. எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் 2010 ஜூனில் போலீஸ் அடித்துக் கொன்ற காலித் சயீதின் பெயரில் இருந்த பக்கம்தான் 2011 ஜனவரி 25 போராட்டத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டது. ஆனால் 27 நள்ளிரவு தாண்டியதும் அரசு இணையத்தைத் துண்டித்தது, விடிந்ததும் கைபேசியும் செத்தது. அன்றைக்குத்தான் கூட்டம் பல மடங்கு! வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பள்ளிவாசல்களிலிருந்து கிளம்பியவர்கள் பேட்டை பேட்டையாகச் சேர்ந்து வந்தார்கள். வீட்டில் நெட் இல்லாதவன் என்னதான் நடக்கிறது என்று பார்க்கத் தெருவுக்கு வந்தான். தஹ்ரீருக்குப் போகும் கஸ்ர் அல் நீல் பாலத்தில் தண்ணீர் பீய்ச்சும் வண்டிக்கு முன்னால் வரிசையாக நின்று தொழுதார்கள், தண்ணீர் அடித்தும் வரிசை கலையவில்லை. சாயங்காலத்துக்குள் போலீஸ் தெருவை விட்டே போய்விட்டது. ராணுவ டாங்கிகள் உள்ளே வந்தன.

டாங்கிகள் வந்தன என்ற இடத்தில்தான் நீங்கள் கேமராவைத் திருப்ப வேண்டும்.

துப்பாக்கி யார் கையில்? இதுதான் முக்கால்வாசி

கூட்டம் எவ்வளவு பெரிது, எவ்வளவு தைரியம், எவ்வளவு நியாயம் என்பதெல்லாம் ஆறு நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முடிவு மட்டும் ஆறு விதம். ஒவ்வொரு நாட்டிலும் படை என்பது வேறு வேறு பிராணி. எனவே ஒரு தாளை எடுத்து மூன்று கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: படை அதிகாரிகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? அவர்களுக்குச் சோறு போடுவது யார்? நாட்டில் படை ஒன்றா, ஒன்றுக்கு மேலா?

துனிசியாவில் ராணுவம் சிறியது, சுமார் 35,000 பேர். பென் அலி ராணுவத்திலிருந்து வந்தவர் என்றாலும், அல்லது வந்தவர் என்பதால்தான், அதை வளர விடாமல் உள்துறையின் போலீஸைத்தான் ஊட்டி வளர்த்தார். அதிபர் குடும்பம் சாப்பிட்ட பந்தியில் ராணுவத்துக்கு இலை போடவில்லை. அப்படிப்பட்ட படை அந்தக் குடும்பத்துக்காக ஏன் ஊரைச் சுட வேண்டும்? 2011 ஜனவரி 12 அன்று ஸ்பாக்ஸ் நகரில் தொழிற்சங்கத்தின் பொதுவேலைநிறுத்தம். 14 அன்று தலைநகரில் ஜனத்திரள். அன்று மாலையே பென் அலி விமானம் ஏறி சவூதி போய்விட்டார்.

எகிப்தில் படையே ஒரு பெரிய முதலாளி. 'ஸாஃபி' தண்ணீர் பாட்டில், 'வதனியா' பெட்ரோல் பங்க், மக்ரோனி, சிமெண்ட் என்று எல்லாவற்றிலும் கை. 1952க்குப் பிறகு முபாரக் வரை வந்த அதிபர்கள் எல்லோரும் சீருடைக்காரர்கள். முபாரக் தன் மகன் கமாலை அடுத்து உட்கார வைக்கப் பார்க்கிறார் என்று பேச்சு. கமாலோ வங்கியிலிருந்து வந்தவர், சுற்றி இருந்தவர்கள் தொழிலதிபர்கள். தளபதிகளுக்கு அது கசந்தது. ஆகவே அவர்கள் முபாரக்கைக் கைவிட்டதில் மக்கள்மேல் பாசம் எவ்வளவு, கடையைக் காப்பாற்றும் கணக்கு எவ்வளவு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். குறிப்பும் கிடைத்தது. பிப்ரவரி 10 அன்று ராணுவ உயர் கவுன்சில் கூடிய காட்சியை டிவியில் காட்டி 'அறிக்கை எண் 1' என்று வாசித்தார்கள். மேஜையின் தலைமாட்டில் பாதுகாப்பு அமைச்சர் தன்தாவி. முப்படைத் தலைவரான முபாரக்கை அங்கே காணோம்! அந்தப் படத்தைப் பார்த்தவுடனே சொல்லியிருக்கலாம், பெரியவர் கதை முடிந்தது என்று. எண் 1 என்றால் எண் 2, எண் 3 எல்லாம் வரப்போகிறது என்றும் சொல்லியிருக்கலாம். இந்த மாதிரி நேரத்தில் அரசு டிவி காட்டும் படத்தில் இருப்பவர்களை எண்ணுவதைவிட இல்லாதவர் யார் என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

பஹ்ரைன் தனி ரகம். மக்களில் பெரும்பகுதி ஷியா, அரச குடும்பம் சுன்னி. பாதுகாப்புப் படையில் பாகிஸ்தான் போன்ற வெளிநாடுகளிலிருந்து எடுத்த சுன்னி ஆட்கள் ஏராளம். எதிரே நிற்பது தன் சித்தப்பா மகன் என்கிற தயக்கம் அந்தச் சிப்பாய்க்கு வர வழியே இல்லை. அதுவும் போதாமல் 2011 மார்ச் 14 அன்று கடல்மேல் போட்ட 25 கிலோமீட்டர் பாலம் வழியாக சவூதிப் படை வந்து இறங்கியது. கூட்டம் கூடிய முத்துச் சதுக்கத்தின் நடுவே ஆறு வளைந்த கால்கள் ஒரு முத்தைத் தாங்கி நிற்கும் சின்னம் இருந்தது. மார்ச் 18 அன்று அதையே இடித்துத் தள்ளினார்கள். அந்தச் சின்னம் பொறித்த 500 ஃபில்ஸ் நாணயமும் புழக்கத்திலிருந்து போனது. அமெரிக்காவின் ஐந்தாவது கடற்படைத் தலைமையகம் அதே குட்டித் தீவில்தான் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு அன்றைய வாஷிங்டன் அறிக்கைகளைப் படித்தால், அவை ஏன் அவ்வளவு மென்மையாக இருந்தன என்று விளங்கும்.

லிபியாவில் கடாஃபி ஒழுங்கான ராணுவமே வேண்டாம் என்று வைத்திருந்தார், அவரே 1969இல் இளம் அதிகாரியாக இருந்து அரசைக் கவிழ்த்தவர் அல்லவா, திருடனுக்குத்தானே பூட்டின் அருமை தெரியும். நல்ல ஆயுதம் எல்லாம் மகன் காமிஸின் படைப்பிரிவுக்கு. அதனால் கிழக்கே இருந்த ராணுவம் சில நாளில் கரைந்தது, மேற்கே இருந்த குடும்பப் படை கடைசிவரை நின்றது, நடுவில் நாடு பிளந்தது. மார்ச் 17 அன்று ஐநா தீர்மானம், அப்புறம் நேட்டோ குண்டுவீச்சு, அக்டோபர் 20 அன்று சிர்த் நகரில் கடாஃபி கொலை. யேமனிலும் பிளவுதான். மார்ச் 18 அன்று தலைநகர் சனாவில் கூரைகளிலிருந்து சுட்டு ஐம்பது பேருக்கு மேல் கொன்றார்கள். மூன்றாம் நாள் தளபதி அலி மொஹ்சின் தன் கவசப் படையோடு எதிரணிக்குப் போனார். குடியரசுக் காவல்படை அதிபர் சாலிஹின் மகன் கையில். இரண்டு படையும் ஒரே நகரத்தில் முறைத்துக்கொண்டு நின்றன.

சிரியாவில் படைவீரர்கள் பெரும்பாலும் கட்டாயச் சேவைக்கு வந்த சுன்னிப் பையன்கள், முக்கியப் பிரிவுகளின் அதிகாரிகள் அதிபர் பஷார் அல் அசாத்தின் சிறுபான்மை அலவி சமூகம், நான்காவது படைப்பிரிவு தம்பி மாஹிர் கையில். தெற்கே தரா நகரில் பள்ளிப் பையன்கள் சுவரில் 'அடுத்தது உன் முறை, டாக்டர்' என்று எழுதியதில் தொடங்கியது (பஷார் படித்தது கண் மருத்துவம்). சிப்பாய்கள் ஒவ்வொருவராகத் துப்பாக்கியோடு ஓடினார்கள், ஆனால் பெரிய படைப்பிரிவு எதுவும் முழுசாகக் கட்சி மாறவில்லை. அதனால் அரசும் விழவில்லை, எதிர்ப்பும் ஓயவில்லை, நடுவே நாடு அழிந்தது. ஈரானும் லெபனானின் ஹிஸ்புல்லாப் படையும் 2015இலிருந்து ரஷ்ய விமானங்களும் முட்டுக் கொடுத்தன. பிறகு 2024 நவம்பர் 27 அன்று வடக்கே கிளர்ச்சிப் படை கிளம்பியபோது முட்டுக் கொடுத்தவர்களுக்கு வேறு தலைவலி. டிசம்பர் 4 அன்று படைவீரர்களுக்கு 50 சதவீதச் சம்பள உயர்வு என்று அசாத் ஆணை போட்டார். அந்த ஒரு செய்தி போதும்! வயிறு காய்ந்த சிப்பாய்க்கு எதிரி வாசலுக்கு வந்த பிறகு சம்பளம் கூட்டுகிற அரசின் கதி என்ன? நான்காம் நாள், டிசம்பர் 8, அவர் மாஸ்கோவில். சாலையோரமெல்லாம் கழற்றிப் போட்ட சீருடைகள்.

வீடியோவையும் எண்ணிக்கையையும் எப்படிச் சலிப்பது

பத்து லட்சம் பேர் கூடினார்கள் என்று யாராவது சொன்னால் சின்னக் கணக்கு ஒன்று போடுங்கள். ஒரு சதுர மீட்டரில் நெருக்கி நின்றால் நான்கு பேர். பத்து லட்சத்துக்கு இரண்டரை லட்சம் சதுர மீட்டர், அதாவது சுமார் 62 ஏக்கர். மேப்பைத் திறந்து அந்த மைதானத்தை அளந்து பாருங்கள், சுற்றுத் தெருக்களையும் சேர்த்தே. பல நேரம் மைதானம் பத்தாது.

ஒரு தனி ஆளின் குரல் மட்டுமே ஆதாரமாக வரும் செய்தியில் இன்னும் கவனம் வேண்டும். 2011இல் டமாஸ்கஸிலிருந்து எழுதும் பெண் என்று உலகப் பத்திரிகைகள் கொண்டாடிய ஒரு வலைப்பதிவு, அவரைக் கடத்திவிட்டார்கள் என்றதும் விடுதலைக்குப் பிரசாரம்கூட நடந்தது. கடைசியில் பார்த்தால் அதை எழுதியது எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்த ஒரு அமெரிக்க ஆண். உண்மையில் அந்த நேரத்தில் காணாமல் போய்க்கொண்டிருந்த சிரியர்களுக்கு அது செய்த கெடுதல் கொஞ்சமல்ல.

சில சொற்களைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டால் மொழி தெரியாவிட்டாலும் வீடியோ பாதி புரியும். 'ஸில்மிய்யா' என்று கத்தினால் 'அமைதி, அமைதி' என்று தங்கள் கூட்டத்துக்கே சொல்கிறார்கள், பெரும்பாலும் அடிதடி ஆரம்பிக்கப் போகிறது என்று அர்த்தம். 'இர்ஹல்' என்றால் கிளம்பு. 'பல்தகிய்யா' என்றால் எகிப்தில் காசுக்கு வரும் அடியாட்கள், பிப்ரவரி 2 அன்று குதிரையிலும் ஒட்டகத்திலும் தஹ்ரீருக்குள் புகுந்தவர்களை அப்படித்தான் சொன்னார்கள். சிரியாவில் அதே வேலைக்கு 'ஷப்பீஹா'. எல்லா ஊரிலும் கேட்ட முழக்கம், 'அஷ்ஷஅப் யுரீத் இஸ்காத் அன்னிஸாம்'. மக்கள் விரும்புவது நிஸாமின் வீழ்ச்சி. ஹைதராபாத் நிஜாம் என்கிறோமே, அதே சொல்தான். இங்கே அது ஆளைக் குறிக்கவில்லை, ஆட்சி அமைப்பு முழுவதையும் குறிக்கிறது. முழக்கம் சரியாகத்தான் கேட்டது. நாம்தான் ஆள் போனதும் டிவியை அணைத்துவிட்டோம்.

மன்னர் நாடுகளில் என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: சவூதி பணத்தை இறக்கியது, 2011இல் அறிவித்த சலுகைகள் மட்டும் 13,000 கோடி டாலர் அளவு. மொராக்கோ மன்னர் மார்ச்சிலேயே புதிய அரசமைப்பு தருகிறேன் என்று சொல்லி ஜூலையில் வாக்கெடுப்பும் வைத்து மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வீட்டு ஆள் அங்கே இருந்தால்

இது வேறு கணக்கு. 2011இல் லிபியாவில் சுமார் 18,000 இந்தியர்கள் இருந்தார்கள், பெரும்பாலோரை விமானத்திலும் கப்பலிலும் அழைத்து வர வேண்டியிருந்தது. முதல் கேள்வி பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்பது. கம்பெனியிடம் இருந்தால், கலவரம் தொடங்கும் முன்பே கேட்டு வாங்கச் சொல்லுங்கள், குறைந்தது எல்லாப் பக்கங்களின் படமாவது உங்கள் போனில் இருக்கட்டும். தூதரகத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். நெட் போனாலும் பேசிக்கொள்ள ஒரு சாதாரணத் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் வெளியே போக வேண்டாம் என்று சொல்லுங்கள். கூட்டத்தை வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்புவது வேண்டவே வேண்டாம், செக்போஸ்டில் முதலில் பார்ப்பது போனைத்தான்.

ஒரு பயிற்சிக் கணக்கு: சூடான்

இதுவரை சொன்னதை சூடானில் போட்டுப் பாருங்கள். 2018 டிசம்பரில் ரொட்டி விலை ஏற, ரயில்வே தொழிலாளர் ஊரான அத்பராவில் பற்றியது. 2019 ஏப்ரல் 6 அன்று மக்கள் தலைநகர் கார்ட்டூமில் ராணுவத் தலைமையகத்தின் வாசலிலேயே போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் எகிப்தைப் பார்த்துப் பாடம் படித்தவர்கள். 'ஒன்று வெற்றி, இல்லாவிட்டால் எகிப்து' என்று அங்கே முழக்கமே இருந்தது, அரபியில் நஸ்ர், மிஸ்ர் என்று எதுகையாக வரும். ஏப்ரல் 11 அன்று அதிபர் பஷீரை ராணுவம் இறக்கியது. அவர் இடத்தில் பாதுகாப்பு அமைச்சர் வந்து உட்கார்ந்ததும், கூட்டம் கலையாமல் அவரையும் அடுத்த நாளே எழுப்பி அனுப்பியது. தஹ்ரீர் செய்யாததை அவர்கள் செய்தார்கள்.

சரி, மூன்றாவது கேள்வி: படை ஒன்றா, ஒன்றுக்கு மேலா? அங்கே இரண்டு. ராணுவம் ஒரு பக்கம். மேற்கே தார்ஃபூர் பகுதியில் ஊர்களை எரித்த ஜன்ஜவீத் கும்பலிலிருந்து பஷீரே உருவாக்கிய அதிவிரைவுத் துணைப்படை இன்னொரு பக்கம், அதற்குத் தனித் தலைவர், தனித் தங்கச் சுரங்க வருமானம். ஜூன் 3 அன்று அந்த உட்காரும் போராட்டத்தை ரத்தத்தில் கலைத்தார்கள். 2021 அக்டோபரில் இரண்டு தளபதிகளும் சேர்ந்து சிவில் அரசைக் கவிழ்த்தார்கள். 2023 ஏப்ரல் 15 அன்று இரண்டு படைகளும் ஒன்றையொன்று சுட ஆரம்பித்தன. மக்கள் பாயை விரித்துப் பாட்டுப் பாடி உட்கார்ந்திருந்தார்களே அதே ராணுவத் தலைமையகம், உள்ளே படையதிகாரிகளோடு, துணைப்படையின் முற்றுகையில் 2025 ஜனவரி வரை கிடந்தது.